சங்கத்தின் பெயரில் ஒரு குரல்: காப்பீட்டு நிறுவனங்களும் காலநிலை லாபியும்

2012 மே மாதம், சிகாகோவுக்கு அருகே நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு மின்னணு விளம்பரப் பலகை ஒளிர்ந்தது. 'யூனாபாம்பர்' என்று அமெரிக்கா முழுக்க அறியப்பட்ட வெடிகுண்டுக் கொலைகாரன் டெட் கசின்ஸ்கியின் முகம். பக்கத்தில், 'நான் இன்னும் புவி வெப்பமாவதை நம்புகிறேன். நீங்கள்?' என்ற வாசகம். வைத்தது ஹார்ட்லேண்ட் இன்ஸ்டிட்யூட் என்ற சிந்தனைக் குழு. காலநிலை மாற்றத்தை நம்புகிறவர்கள் இப்படிப்பட்டவர்கள்தான் என்று குத்திக்காட்டுவது நோக்கம். எதிர்ப்பு கிளம்பியதும் ஒரு நாளுக்குள் எடுத்துவிட்டார்கள்.

இதற்கும் இன்சூரன்ஸுக்கும் என்ன சம்பந்தம்? அந்தக் குழுவுக்குப் பணம் கொடுத்து வந்தவர்களில் காப்பீட்டுத் துறையினரும் இருந்தார்கள். அமெரிக்காவின் மிகப் பெரிய வீட்டுக் காப்பீட்டு நிறுவனமான ஸ்டேட் ஃபார்ம், பெர்முடா காப்பீட்டு, மறுகாப்பீட்டு (காப்பீட்டு நிறுவனங்களுக்கே காப்பீடு தரும்) நிறுவனங்களின் சங்கம் ஆகியவை பலகை விவகாரத்துக்குப் பிறகு விலகிக்கொண்டன. அவர்கள் பணம் கொடுத்தது காலநிலை அறிவியலை மறுப்பதற்காக அல்ல. ஹார்ட்லேண்டுக்குள் காப்பீட்டுக்கென்றே தனியாக ஒரு பிரிவு இருந்தது. கடற்கரையோர வீடுகளுக்கு அரசு மலிவாகக் காப்பீடு கொடுப்பதால்தான் ஆபத்தான இடத்தில் மேலும் மேலும் வீடு கட்டுகிறார்கள் என்று அந்தப் பிரிவு வாதாடி வந்தது. சுற்றுச்சூழல் அமைப்புகளே அதனுடன் கைகோத்த சந்தர்ப்பங்கள் உண்டு. பலகை வந்ததும் அந்தப் பிரிவு ஆட்கள் கூண்டோடு வெளியேறி, ஆர் ஸ்ட்ரீட் என்ற புதிய அமைப்பைத் தொடங்கினார்கள்.

ஒரு காரியத்துக்குக் கொடுத்த பணம், அதே கூரையின் கீழ் நேர் எதிரான இன்னொரு காரியத்துக்கும் முட்டுக்கொடுத்தது. பலகை என்ற ஒரு முட்டாள்தனம் நடந்திராவிட்டால் இது வெளியே தெரிந்தேயிருக்காது. காப்பீட்டுத் துறையின் காலநிலை லாபி பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தச் சம்பவம்தான்.

லாபி என்பது சட்டம் இயற்றுகிறவர்களையும் ஒழுங்குமுறை அதிகாரிகளையும் தங்கள் பக்கம் இணங்க வைக்க நிறுவனங்கள் செய்யும் வேலை. சட்டத்துக்கு உட்பட்டது, பல நாடுகளில் பதிவேடும் உண்டு. எண்ணெய் நிறுவனம் ஒன்று கார்பன் வரியை எதிர்த்து லாபி செய்தால் எவருக்கும் ஆச்சரியம் இல்லை. காப்பீட்டு நிறுவனத்தின் நிலைமை அப்படி நேர்கோடானது அல்ல.

முதலில் தெரிந்துகொண்டவர்கள்

ஜெர்மனியின் மறுகாப்பீட்டு நிறுவனமான மியூனிக் ரீ, 1973லேயே வெள்ளம் பற்றிய தன் வெளியீடு ஒன்றில் வளிமண்டலம் சூடாவதைப் பற்றி எழுதியது. காலநிலை மாற்றம் பற்றிய ஐ.நா. குழு உருவானது 1988ல்தான். 1992ல் ஆண்ட்ரூ சூறாவளி ஃப்ளோரிடாவைத் தாக்கியபோது துறை கொடுக்க வேண்டியிருந்த இழப்பீடு சுமார் 1,500 கோடி டாலர். பல சிறு நிறுவனங்கள் திவாலாயின. பழைய இழப்புக் கணக்கை வைத்து வருங்காலத்தைக் கணிக்கும் பழக்கம் அதோடு ஆட்டம் கண்டது. கணினி வழிப் பேரிடர் மாதிரிகள் துறையின் அன்றாடக் கருவியானது அதற்குப் பிறகுதான். இன்றைக்கு ஸ்விஸ் ரீ கணக்குப்படி, இயற்கைப் பேரிடர்களால் 2024ல் மட்டும் காப்பீடு செய்யப்பட்ட இழப்பு 13,700 கோடி டாலர்.

இவ்வளவு தெரிந்த துறை, கரிம உமிழ்வைக் குறைக்கச் சொல்லி அரசாங்கங்களின் கதவை உடைத்திருக்க வேண்டாமா? அப்படி நடக்கவில்லை. அதற்குக் காரணம் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. வீட்டுக் காப்பீட்டுப் பாலிசி பொதுவாக ஒரு வருடத்துக்கானது. அடுத்த வருடம் பிரீமியத்தை ஏற்றலாம், அல்லது புதுப்பிக்க மறுக்கலாம். முப்பது வருடக் கடன் கொடுத்த வங்கியும், முப்பது வருடம் தவணை கட்டப்போகும் வீட்டுக்காரரும் மாட்டிக்கொள்ளும் இடத்தில் காப்பீட்டு நிறுவனம் மாட்டிக்கொள்வதில்லை. போதாக்குறைக்கு, நிலக்கரிச் சுரங்கத்துக்கும் எண்ணெய்க் குழாய்க்கும் பாலிசி எழுதுவதும் இதே துறை. வசூலித்த பிரீமியத்தை எண்ணெய், எரிவாயு நிறுவனங்களின் பங்கிலும் கடன் பத்திரத்திலும் போட்டு வைத்திருப்பதும் இதே துறை.

ஆகவே இவர்களின் லாபி வேலையில் 'காலநிலை' என்ற சொல் அபூர்வமாகத்தான் தலைகாட்டும். பிரீமியத்தை எவ்வளவு ஏற்றலாம், எந்தத் தரவை அரசிடம் கொடுக்க வேண்டும், எந்த மாதிரியை வைத்து விலை கணக்கிடலாம் என்பவைதான் மேசைக்கு வரும் விஷயங்கள். வெளியிலிருந்து பார்த்தால் சலிப்பூட்டும் கணக்கு விவகாரம். ஆனால் யார் எங்கே வீடு கட்ட முடியும், அந்த ஆபத்துக்கு யார் காசு கொடுப்பார்கள் என்பதை முடிவு செய்வது இதுதான்.

படிவம் கேட்காத கேள்வி

அமெரிக்காவில் 1995ல் வந்த லாபி வெளிப்படுத்தல் சட்டப்படி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை படிவம் தாக்கல் செய்ய வேண்டும். எவ்வளவு செலவு, எந்த மசோதா, நாடாளுமன்றத்தின் எந்த அவை, எந்தத் துறை அலுவலகம் என்று எழுத வேண்டும். அந்த மசோதாவை ஆதரித்தார்களா எதிர்த்தார்களா என்று மட்டும் எழுத வேண்டியதில்லை. ஒரு வெள்ளக் காப்பீட்டு மசோதாவின் எண்ணை இரண்டு நிறுவனங்கள் தங்கள் படிவத்தில் குறிப்பிட்டிருந்தால், ஒன்று அதைக் காப்பாற்றப் போனதா, மற்றது கவிழ்க்கப் போனதா என்பது படிவத்தைப் பார்த்துத் தெரியாது.

இதுவும் ஒன்றிய அரசு மட்டத்துக்குத்தான். காப்பீட்டை ஒழுங்குபடுத்தும் பொறுப்பை 1945ன் மெக்கேரன்–ஃபெர்குசன் சட்டம் மாநிலங்களிடமே விட்டுவிட்டது. உண்மையான பேரம் நடப்பது மாநிலத் தலைநகரங்களில், மாநிலக் காப்பீட்டு ஆணையர்களின் அலுவலகங்களில். அங்கே விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறு.

அப்புறம் சங்கங்கள். பெரிய நிறுவனங்கள் தங்கள் பெயரில் செய்வதைவிடத் துறைச் சங்கத்தின் பெயரில் செய்யும் லாபி முக்கியமானது. சங்கத்தில் பெரிய நிறுவனமும் உண்டு, ஒரு மாவட்டத்துக்குள் இயங்கும், பாலிசிதாரர்களே உரிமையாளர்களாக உள்ள சின்ன பரஸ்பர நிறுவனமும் உண்டு. எல்லோரும் ஒத்துக்கொள்ளக்கூடிய நிலைப்பாடு எது? பெரும்பாலும் 'புதிய விதி வேண்டாம்' என்பதுதான். நீடித்த வளர்ச்சி அறிக்கையில் பச்சை அட்டை போட்டு வாக்குறுதி கொடுத்த நிறுவனம், சந்தா கட்டிய சங்கத்தின் மூலம் அதற்கு எதிராகப் பேச முடிவது இப்படித்தான். இதற்கு யாரும் சதி செய்யத் தேவையில்லை, சங்கத்தின் அமைப்பே போதும்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. லாபிச் செலவுக்கு வரிச்சலுகை கிடையாது என்பது அமெரிக்க வருமான வரிச் சட்டம். எனவே உறுப்பினர் கட்டும் சந்தாவில் எத்தனை சதவீதம் லாபிக்குப் போனது என்று தொழில் சங்கங்கள் உறுப்பினர்களுக்குத் தெரிவிக்க வேண்டும், இல்லையேல் சங்கமே வரி கட்ட வேண்டும். அதாவது அந்த எண் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறது. வரிக் கணக்கு போட அது தேவை. பங்குதாரருக்கோ பாலிசிதாரருக்கோ அதைச் சொல்ல வேண்டும் என்று மட்டும் எந்த ஒன்றியச் சட்டமும் சொல்லவில்லை. 'கணக்கிடுவது கடினம்' என்று ஒரு நிறுவனம் பதில் சொன்னால் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

எல்லோரும் கேட்டது வேறு

2015 செப்டம்பரில், அப்போது இங்கிலாந்து மத்திய வங்கியின் ஆளுநராக இருந்த மார்க் கார்னி, காப்பீட்டுச் சந்தையான லண்டன் லாயிட்ஸின் கட்டடத்தில் காப்பீட்டுத் துறையினர் முன் ஒரு உரை நிகழ்த்தினார். பேரிடர்களின் நேரடிச் சேதம், வழக்குகளால் வரும் பொறுப்பு, பொருளாதாரம் புதிய எரிசக்திக்கு மாறும்போது சொத்துகள் மதிப்பிழப்பது என்று மூன்று வகை ஆபத்துகளை அவர் பிரித்துக் காட்டினார். அந்த ஆண்டு டிசம்பரில் நிறுவனங்கள் காலநிலை ஆபத்தை எப்படி வெளியிட வேண்டும் என்று வகுக்க, மைக்கேல் ப்ளூம்பெர்க் தலைமையில் டி.சி.எஃப்.டி. என்ற பணிக்குழு அமைந்தது. 2017ல் அது வெளியிட்ட பரிந்துரைகள்தான் இன்று உலகெங்கும் காலநிலை அறிக்கைகளின் அச்சு. 2023ல் வந்த ஐ.எஃப்.ஆர்.எஸ். எஸ்2 என்ற சர்வதேசக் காலநிலை அறிக்கைத் தரநிலையும் அதன் வாரிசு.

நல்ல காரியம்தான். ஆனால் இந்த மரபு முழுக்க ஒரே திசையில் கேட்கிறது: காலநிலை மாற்றம் உங்கள் நிறுவனத்தை என்ன செய்யும்? உங்கள் நிறுவனம் காலநிலைச் சட்டங்களை என்ன செய்கிறது என்ற கேள்வி பணிக்குழுவின் 11 பரிந்துரைகளில் ஒன்றிலும் இல்லை. அமெரிக்க மாநிலக் காப்பீட்டு ஆணையர்களின் சங்கமான என்.ஏ.ஐ.சி. 2010 முதல் நடத்திவரும் காலநிலை ஆபத்துக் கேள்வித்தாளும் 2022ல் இதே அச்சுக்கு மாறியது. கலிஃபோர்னியா 2023ல் காலநிலை நிதி ஆபத்தை வெளியிடச் சொல்லும் எஸ்.பி. 261 சட்டத்தைக் கொண்டுவந்தபோது, காப்பீட்டு நிறுவனங்களுக்கு அதிலிருந்து விலக்கு கிடைத்தது. அவர்களுக்குத்தான் அந்தக் கேள்வித்தாள் ஏற்கனவே இருக்கிறதே என்பது வாதம்.

ஐரோப்பா ஒரு படி மேலே போனது. 2023ல் ஏற்கப்பட்ட நீடித்த வளர்ச்சி அறிக்கைத் தரநிலைகளில் ஜி1 என்ற பகுதி, லாபி வேலையை இயக்குநர் குழுவில் மேற்பார்வையிடுவது யார், என்னென்ன தலைப்புகளில் லாபி செய்தீர்கள், அவற்றில் உங்கள் முக்கிய நிலைப்பாடு என்ன என்று கேட்கிறது. அமெரிக்கப் படிவம் விட்ட இடம் அதுதான். ஆனால் இது தனக்கு முக்கியமான விஷயம் என்று நிறுவனமே மதிப்பிட்டால்தான் பதில் வரும். 2025 பிப்ரவரியில் ஐரோப்பிய ஆணையம் முன்வைத்த 'எளிமைப்படுத்தும்' திட்டம், அறிக்கை தர வேண்டிய நிறுவனங்களின் எண்ணிக்கையையே வெகுவாகக் குறைக்கச் சொன்னது. 2024ல் நிறைவேறிய விநியோகச் சங்கிலிப் பொறுப்புச் சட்டத்திலும், காப்பீடு, கடன், முதலீடு ஆகியவற்றைப் பெறும் வாடிக்கையாளர்கள் செய்யும் கேடு நிதி நிறுவனங்களின் பொறுப்புக்குள் வரவில்லை.

தரவுக்காக நடந்த இழுபறி

காப்பீட்டு லாபியின் உண்மையான முகத்தைப் பார்க்க வேண்டுமானால் 2022 அக்டோபரைப் பார்க்க வேண்டும். அமெரிக்கக் கருவூலத்துறையின் கீழ் உள்ள ஒன்றியக் காப்பீட்டு அலுவலகம், இருநூறுக்கும் மேற்பட்ட நிறுவனங்களிடமிருந்து அஞ்சல் குறியீட்டு வாரியாக வீட்டுக் காப்பீட்டுத் தரவு கேட்கப்போவதாக முன்மொழிந்தது. எந்தப் பகுதியில் எத்தனை பாலிசி, எவ்வளவு பிரீமியம், எத்தனை புதுப்பிக்கப்படவில்லை என்ற விவரங்கள். 2008 நிதி நெருக்கடிக்குப் பின் 2010ல் வந்த டாட்–ஃப்ராங்க் சட்டத்தில் பிறந்த சின்ன அலுவலகம் அது. ஒழுங்குபடுத்தும் அதிகாரம் கிடையாது, தகவல் திரட்டலாம்.

துறைச் சங்கங்கள் எதிர்த்தன. செலவு அதிகம், மாநிலங்கள் ஏற்கனவே திரட்டும் தரவோடு இரட்டிப்பு வேலை, இது மாநில அதிகாரத்தில் தலையிடுவது என்பவை வாதங்கள். மாநில ஆணையர்களுக்கும் மனத்தாங்கல். அந்த அலுவலகத்தையே கலைத்துவிடும் மசோதா கூட நாடாளுமன்றத்தில் அறிமுகமானது. கடைசியில், 2024 மார்ச்சில் மாநிலங்களே தரவைத் திரட்டி ஒன்றிய அலுவலகத்தோடு பகிர்வது என்று சமரசம் ஆனது.

2025 ஜனவரியில் வந்த அறிக்கை 2018 முதல் 2022 வரையிலான சுமார் 24.6 கோடி பாலிசிகளை அடிப்படையாகக் கொண்டது. காலநிலை ஆபத்து மிக அதிகமான ஐந்தில் ஒரு பங்கு அஞ்சல் பகுதிகளில் வசிப்பவர்கள், ஆபத்து மிகக் குறைந்த ஐந்தில் ஒரு பங்கினரைவிட 82% அதிகப் பிரீமியம் கட்டினார்கள். ஆண்டுக்குச் சராசரி 2,321 டாலர். நிறுவனம் புதுப்பிக்க மறுப்பதும் அந்தப் பகுதிகளில் கணிசமாக அதிகம். இந்த இரண்டு எண்களும் பொதுமக்கள் கைக்கு வர இரண்டு வருடத்துக்கும் மேல் ஆனது. வீடு வாங்குகிறவர், கடன் கொடுக்கும் வங்கி, கட்டட விதிகளை வகுக்கும் நகராட்சி எல்லோருக்கும் தேவையான எண்கள். அவற்றைத் தாமதப்படுத்திய முயற்சியில் ஒவ்வொரு நிறுவனமும் என்ன பங்கு வகித்தது? எதிர்ப்புக் கடிதங்களில் பெரும்பாலும் இருந்தது சங்கங்களின் கையெழுத்து.

துறையின் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். இவர்களின் லாபி எப்போதும் ஒரே பக்கம் சாய்வதில்லை. ஆபத்துக்கு ஏற்ற விலை வேண்டும், வெள்ளம் வரும் இடத்தில் மானியம் கொடுத்து வீடு கட்ட வைக்காதீர்கள் என்று வாஷிங்டனில் சுற்றுச்சூழல் அமைப்புகளோடு சேர்ந்து ஒரே கூட்டணியில் இவர்கள் வாதாடியிருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் 1988ல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய 103ஆம் எண் சட்டத்தின் கீழ் விலை ஏற்ற அரசின் முன் அனுமதி வேண்டும். வருங்காலக் காட்டுத்தீ ஆபத்தைக் கணிக்கும் மாதிரிகளைப் பயன்படுத்தி விலை வைக்க அங்கே அனுமதி இல்லாதிருந்தது. அதை மாற்றச் சொல்லித் துறை நீண்ட நாள் வற்புறுத்தியது. 2023 மே மாதம் ஸ்டேட் ஃபார்ம் அங்கே புதிய வீட்டுப் பாலிசி எழுதுவதை நிறுத்தியது. செப்டம்பரில் சட்டமன்றக் கூட்டத்தொடரின் கடைசி நாட்களில் மூடிய கதவுக்குள் பேச்சு நடந்து உடன்பாடு எட்டவில்லை. தொடர் முடிந்த ஒரே வாரத்தில், காப்பீட்டு ஆணையர் ரிகார்டோ லாரா விதி மாற்றங்களை அறிவித்தார். பதிலுக்கு, தீ ஆபத்துள்ள பகுதிகளில் தங்கள் சந்தைப் பங்கின் 85% அளவுக்காவது நிறுவனங்கள் பாலிசி எழுத வேண்டும் என்பது பேரம்.

இது காலநிலைக்கு நல்லதா கெட்டதா? எனக்கு ஒரே சொல்லில் பதில் இல்லை. வருங்கால ஆபத்தை விலையில் காட்டுவது நியாயம். அதைக் கணக்கிடும் மாதிரி தனியார் ரகசியமாக இருப்பது நியாயம் இல்லை. காலநிலைக்கு ஆதரவு, எதிர்ப்பு என்று மதிப்பெண் போடும் பட்டியல்களில் இப்படிப்பட்ட லாபி சரியாக அகப்படாது என்பது மட்டும் நிச்சயம்.

கூட்டணி கலைந்த கதை

2021 ஜூலையில் ஆக்ஸா, அலையன்ஸ், மியூனிக் ரீ, ஸ்விஸ் ரீ, சூரிக் உட்பட எட்டு நிறுவனங்கள், தாங்கள் காப்பீடு தரும் தொழில்களின் கரிம உமிழ்வை நிகர பூஜ்யத்துக்குக் கொண்டுவருவோம் என்ற வாக்குறுதியுடன் நிகர பூஜ்யக் காப்பீட்டுக் கூட்டணியைத் தொடங்கின. உச்சத்தில் சுமார் 30 உறுப்பினர்கள். 2023 மார்ச் இறுதியில் மியூனிக் ரீ வெளியேறியது, நிறுவனங்கள் கூட்டுச் சேர்ந்து போட்டியைக் குலைப்பதைத் தடுக்கும் போட்டிச் சட்டப்படி வழக்கு வரலாம் என்ற அச்சத்தைக் காரணம் காட்டி. மே மாதம் 23 அமெரிக்க மாநிலங்களின் அரசு தலைமை வழக்கறிஞர்கள் உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதியதும் வரிசையாகப் பலர் கழன்றுகொண்டார்கள், கூட்டணியைத் தொடங்கிய ஆக்ஸா உட்பட. 2024 ஏப்ரலில் கடை மூடப்பட்டு, இலக்கு வைக்கச் சொல்லாத ஒரு கலந்துரையாடல் மன்றம் அதன் இடத்துக்கு வந்தது.

மெக்கேரன்–ஃபெர்குசன் சட்டம் அமெரிக்கக் காப்பீட்டுத் தொழிலுக்குப் போட்டிச் சட்டத்திலிருந்தே ஓரளவு விலக்கு தருகிறது. இழப்புத் தரவைச் சேர்த்து வைத்துப் பகிர்ந்துகொள்வதெல்லாம் அந்தக் குடையின் கீழ் நடப்பது. ஆனால் கூட்டாகப் புறக்கணிப்பதற்கு அந்த விலக்கு பொருந்தாது என்று சட்டமே சொல்கிறது. எனவே வழக்கு பற்றிய அச்சம் வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. என்றாலும், ஒன்றாகச் சேர்ந்து உமிழ்வைக் குறைக்க முடியாதவர்களுக்கு, ஒன்றாகச் சேர்ந்து விதியை எதிர்க்கத் தடை ஏதும் இல்லை. அரசிடம் கூட்டாக முறையிடுவது அமெரிக்காவில் அரசியல் சட்டம் பாதுகாக்கும் உரிமை.

மாடிக்கு மாடி

பிரிட்டனின் காப்பீட்டு ஒழுங்குமுறை அமைப்பு 2019லேயே, காலநிலை ஆபத்துக்கு இன்னார் பொறுப்பு என்று மூத்த அதிகாரி ஒருவரின் பெயரைக் குறிக்கச் சொன்னது. அந்த ஆபத்து இயக்குநர் குழுவின் இடர் மேலாண்மைக் குழுவுக்குப் போகும். அரசு உறவுப் பிரிவு வேறு மாடி. அது பெரும்பாலும் சட்டத் துறைத் தலைவருக்கோ தலைமைச் செயல் அதிகாரிக்கோ பதில் சொல்லும். இரண்டு மாடிகளையும் இணைக்கும் படிக்கட்டு ஒன்று இருக்கிறதா என்பதுதான் நிர்வாகக் கேள்வி.

2022ல் இங்கிலாந்துத் திருச்சபையின் ஓய்வூதிய வாரியம் போன்ற முதலீட்டாளர்கள் வெளியிட்ட பொறுப்பான காலநிலை லாபிக்கான உலகத் தரநிலை 14 அம்சங்களில் இந்தப் படிக்கட்டைத்தான் கேட்கிறது. சங்கங்களின் நிலைப்பாட்டை ஆண்டுதோறும் உங்கள் நிலைப்பாட்டோடு ஒப்பிடுங்கள், முரண்பட்டால் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள், வேண்டுமானால் விலகுங்கள். சுரங்க நிறுவனமான பி.எச்.பி. இப்படி ஆராய்ந்து 2018ல் உலக நிலக்கரிச் சங்கத்திலிருந்து வெளியேறியது. ஷெல் 2019ல் எண்ணெய் சுத்திகரிப்பு நிறுவனங்களின் சங்கம் ஒன்றை விட்டது. நிலக்கரி தோண்டுகிறவர்களும் எண்ணெய் எடுக்கிறவர்களும் செய்ததை, ஆபத்தை எடைபோடுவதே தொழிலாக உள்ளவர்கள் செய்ய முடியாதா என்ன?

அந்தச் சுரங்க, எண்ணெய் நிறுவனங்களை வழிக்குக் கொண்டுவந்தது பங்குதாரர்கள். காப்பீட்டிலும் அந்த வழி ஓரளவு வேலை செய்திருக்கிறது. 2022ல் சப், டிராவலர்ஸ் என்ற இரண்டு காப்பீட்டு நிறுவனங்களிலும், தாங்கள் காப்பீடு கொடுக்கும் நிறுவனங்களின் உமிழ்வையும் கணக்கிட்டுச் சொல்லக் கோரிய தீர்மானங்களுக்குப் பாதிக்கு மேல் வாக்கு விழுந்தது. ஆனால் ஸ்டேட் ஃபார்ம், லிபர்ட்டி மியூச்சுவல், நேஷன்வைடு போன்றவை பரஸ்பர நிறுவனங்கள். பங்குச் சந்தையில் பங்கு இல்லை, தீர்மானம் கொண்டுவரப் பங்குதாரரும் இல்லை. சட்டப்படி உரிமையாளர் பாலிசிதாரர்தான். அவருக்கு ஆண்டுக் கூட்டத்தில் வாக்கும் உண்டு. அந்த வாக்கு தனக்கு இருப்பதே தெரியாதவர்கள்தான் அநேகம் பேர் இருப்பார்கள்.

அதுவரை வெளியாட்களுக்கு எஞ்சியிருப்பது கொஞ்சம் கைவேலை. ஒன்றிய அரசு புதிய விதியை முன்மொழியும்போது வரும் கருத்துக் கடிதங்கள் பொதுவில் இருக்கும். லாபிப் படிவம் சொல்லாத 'ஆதரவா எதிர்ப்பா' அங்கே பச்சையாக எழுதியிருக்கும். கடிதத்தில் சங்கத்தின் பெயர் இருக்கும். அந்தச் சங்கத்தில் யார் யார் உறுப்பினர் என்பதைப் பெரும்பாலும் வேறு இடத்தில் தேடி எடுக்கலாம். பிறகு அந்த நிறுவனத்தின் காலநிலை அறிக்கையைத் திறந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.